இருநூற்றுப் பன்னிரண்டு மாவுக்கட்டுகள்

முத்தாறு மாநகரக் காவல்துறையின் பிடியில் இரண்டு வருடங்களாக ஒரு கைகூட முறியவில்லை. சட்டம் மாறிவிட்டதா, அதிகாரிகள் திருந்திவிட்டார்களா என்று கேட்டால் இரண்டும் இல்லை. சமூக ஊடகப் பிரிவின் தலைமைக் காவலர் செண்பகவல்லிதான் காரணம். அந்தப் பெருமையை அவளால் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. சொல்ல முடியாத பெருமை செரிக்காத சோறு மாதிரி, உள்ளேயே கிடந்து படுத்தும்.

மாவுக்கட்டைப் பற்றி நம் ஆட்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வழிப்பறி செய்தவன் பிடிபடுவான். மறுநாள் காலை காவல்துறையின் பக்கத்தில் அவன் படம் வரும். தரையில் உட்கார்ந்திருப்பான், கையில் பளிச்சென்று வெள்ளைக் கட்டு. தப்பியோடும்போது வழுக்கி விழுந்ததாகக் கீழே எழுதியிருக்கும். எப்படி வழுக்கினான் என்று ஊருக்கே தெரியும். ஊரே சிரித்துக்கொண்டு லைக் போடும். நம் காவல் நிலையங்களின் தரை மட்டும் ஏன் இப்படி வழுக்குகிறது என்று யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தப் படங்களுக்கு வாசகம் எழுதுவது செண்பகவல்லியின் வேலை. ஹெல்மெட் போடாதவர்களைக் கிண்டலடித்து அவள் போட்ட மீம்களுக்கு மாநிலம் முழுக்க ரசிகர்கள் உண்டு. காணாமல்போன முதியவர் ஒருவரை இருபது நிமிடத்தில் வீடு சேர்த்த பதிவும் அவளுடையதுதான். "வழுக்கி விழுந்ததில்" என்று எழுதும்போது மட்டும் அவளுக்குக் கை கூசும். பதினான்காவது ஆளின் படத்தை எடுக்கப் போன அன்று, நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுச் சீக்கிரமே போய்விட்டாள். இன்ஸ்பெக்டர் ஞானதுரை அப்போதுதான் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அழுதான்.

"சார், கட்டு படத்துல இருந்தா போதும்லா? கையில இருந்தே ஆகணுமா?" என்று கேட்டாள்.

ஞானதுரைக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவள் தன் செல்லிலேயே வரைந்து காட்டிவிட்டாள். துணியின் மடிப்பு, ஓரத்தில் எட்டிப்பார்க்கும் பஞ்சு, கழுத்திலிருந்து தொங்கும் பட்டி, நம்பும்படி கொஞ்சம் அழுக்கு. உள்ளே இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கையில வேணும்னாலும் வரைஞ்சுக்கோங்கம்மா" என்றான்.

பதிவுக்கு வழக்கமான லைக்குகள் வந்தன. அன்றிலிருந்து அதுவே நடைமுறையாகிவிட்டது. டாக்டர் சான்றிதழில் காயம் இல்லை என்று இருக்கும். மனித உரிமைக்காரர்களுக்குக் கிளற ஒன்றும் கிடைக்காது. கைதானவர்கள் மாதக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். அதற்குள் நிஜக் கட்டாக இருந்தாலும் அவிழ்த்திருப்பார்கள். ஓட்டையே இல்லாத ஏற்பாடு என்று செண்பகவல்லி நினைத்திருந்தாள்.

ஓட்டை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மாடிப்படி ஏறி வந்தது.

நாற்பது வயது இருக்கும். சலவை வேட்டி, வலது கையில் முழங்கை தாண்டி மாவுக்கட்டு. முகத்தைப் பார்த்ததும் செண்பகவல்லி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பேச்சிமுத்து, பரோட்டா மாஸ்டர். அவள் வரைந்த இருநூற்றுப் பன்னிரண்டாவது கட்டு இவனுடையது. சங்கிலிப் பறிப்பு ஒன்றில், கேமராவில் தெரிந்த சட்டை இவன் சட்டை மாதிரி இருந்ததால் பிடித்துவந்தார்கள். மூன்றாம் நாளே உண்மையான திருடன் அகப்பட, இவனை அனுப்பிவிட்டார்கள். அத்தனை சீக்கிரம் வெளியே வந்த முதல் ஆள் இவன்தான்.

"யாருய்யா கைய உடைச்சா?" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. தன் இரண்டு வருடப் பெயரை யாரோ கெடுத்துவிட்ட கோபம்.

"யாரும் உடைக்கலம்மா. நானே போட்டுக்கிட்டேன்."

"நீயேவா?"

"கை நல்லாத்தான் இருக்கு. வெளிய வந்த அன்னைக்கே கடைக்குப் போனேன். போட்டோவுல கட்டு இருந்துச்சே, மூணு நாள்ல எங்கடே போச்சுன்னு கேட்டாங்க. அது கம்ப்யூட்டர்ல வரைஞ்சது, மூணாவது மாடி ஏட்டம்மா வரைவாங்களாம்னு சொன்னேன். சிரிக்காங்க. போலீஸு உன்னத் தொடாம விட்டுச்சுன்னா எந்த மந்திரியப் பிடிச்சேன்னு கேக்காங்க. சங்கிலியப் பறிகொடுத்த அம்மாவுக்கு ரெண்டு மகனுவ. ஊரே பாத்த போட்டோவ நாங்க நிசமாக்கிருவோம்னு வந்து நின்னானுவ. அதான் நாட்டு வைத்தியர்ட்ட போயி நானே கட்டிக்கிட்டேன். இதப் பாத்தா ஒண்ணும் சொல்லுததில்ல. வாங்க வேண்டியத வாங்கிட்டான்னு விட்டுருதாங்க."

"அதுக்கு வலது கையிலயா போடுவ? பரோட்டா வீசுத கையில்லா?"

"போட்டோவுல நீங்க வலதுலதான வரைஞ்சிருக்கீங்க."

அவன் குற்றம் சாட்டுகிற தொனியில் சொல்லவில்லை. அளவு எடுத்த தையல்காரரிடம் அளவைச் சொல்வதுபோலத்தான் சொன்னான். செண்பகவல்லிக்கு முகம் சூடேறியது.

"கட்டு இருந்தா மாவு பிசைய முடியல. அவுத்தா கடை வரைக்கும் நடக்க முடியல. முதலாளி வேலுச்சாமி அண்ணாச்சி வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கேன்னுருக்காரு. அதுக்கு மேலன்னா வேற மாஸ்டர். உங்க பக்கத்துல ஒரு வரி போடுங்கம்மா. பேச்சிமுத்து களவாங்கல, அவன் கைய நாங்க உடைக்கல. அவ்வளவுதான்."

"போட்டோம்லா. நீ வெளிய வந்த அன்னைக்கே போட்டோம்."

"விசாரணைக்குப் பின் ஒருவர் அனுப்பி வைக்கப்பட்டார்னு போட்டீங்க. அந்த ஒருவர் யாருன்னு என் பொண்டாட்டிக்கே தெரியல."

அந்த வாசகத்தைத் தேர்ந்தெடுத்தது செண்பகவல்லி அல்ல, அவள் கணினியில் இருக்கும் நகல் ஊர். அதை எப்படி இவனுக்குச் சொல்வது என்று யோசித்து, திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"இங்க பாரு. இந்த ஊர்ல பன்னிரண்டு லட்சம் பேரு இருக்கோம். ஒவ்வொருத்தரும் எதுக்கு லைக் போடுதோம், எதப் பாத்துத் திட்டுதோம், எத அடுத்தவனுக்கு அனுப்புதோம்னு பாத்துப் பாத்து, ஆளுக்கு ஒரு நகல் செஞ்சு வெச்சிருக்கு இந்த மெஷினு. நான் எதையாச்சும் எழுதினா முதல்ல அந்தப் பன்னிரண்டு லட்சம் நகலும் படிக்கும். எத்தனை பேரு நம்புவாங்க, போலீஸு மேல மரியாதை ஏறுமா இறங்குமான்னு ஒண்ணரை நிமிசத்துல எண்ணு வரும். எண்ணு இறங்கினா மெஷினே வாசகத்த மாத்திரும்."

"அந்த ஊர்ல நானும் இருக்கேனா?"

"இருக்க."

"என்ன செய்யுதேன்?"

அவள் பெயரைத் தட்டிப் பார்த்தாள். "எங்க பதிவுக்கெல்லாம் லைக் போடுத."

பேச்சிமுத்து திரைப் பக்கம் குனிந்தான். "போட்டிருக்கேன்," என்றான். "மாவுக்கட்டு போட்டோ வந்தா ஆர்ட்டினே விடுவேன்."

அவன் கேட்ட வாசகத்தை, அவன் பெயரோடு, அவன் எதிரிலேயே தட்டி நகல் ஊருக்கு அனுப்பினாள். ஒன்றரை நிமிடம் கழித்து விடை வந்தது. நம்பியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். நம்பாதவர்கள் பட்டியலில் பேச்சிமுத்துவின் நகலும் இருந்தது. அதை அவனிடம் அவள் சொல்லவில்லை.

அன்று மதியம் அவள் வேறொரு பதிவை எழுதினாள். இந்த இரண்டு வருடத்தில் வந்த மாவுக்கட்டுப் படங்கள் இருநூற்றுப் பன்னிரண்டும் பொய், எல்லாவற்றையும் நான்தான் வரைந்தேன், யார் கையும் முறியவில்லை. கீழே தன் பெயர், பதவி, எண். வேலை போகும் என்று தெரிந்தேதான் எழுதினாள். நகல் ஊர் படித்துவிட்டு எண்ணைக் காட்டியது. காவல்துறையின் நம்பிக்கை எண் அப்போது நூற்றுக்கு எண்பத்தொன்று. இதைப் போட்டால் எண்பத்துமூன்று ஆகும் என்றது.

புரியாமல் கமிஷனர் ரத்னசபாபதியிடம் எடுத்துப் போனாள். அவர் அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நகல்களின் பின்னூட்டங்களை ரசித்துப் படித்தார்.

"'நம்பிட்டோம் மேடம்', 'பாத்ரூம் தரையும் நீங்க வரைஞ்சதா', 'அட்மினுக்கு ஒரு டீ சொல்லுங்க'. பிரமாதம். ஜனங்க இதை ஜோக்னு எடுத்துக்கிறாங்கம்மா. தாராளமா போடுங்க."

"சார், இது நிஜம் சார்."

"தெரியும். அதனாலதான் பயப்படாம போடச் சொல்றேன்."

அவள் போடவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது கால் தானாக நின்றது. தன் தொழிலில் தான் இவ்வளவு கெட்டிக்காரி என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய பொய்க்கு எதிரில் அவளே வந்து நின்று உண்மையைச் சொன்னாலும் செல்லாது. இதைப் பெருமை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு அழுகை வந்தது.

அலுவலக வாசலில் ஞானதுரை டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயம் அவர் காதுக்கு வந்திருந்தது.

"ஏம்மா செண்பகம், நான் நிம்மதியா சோறு திங்குதது இந்த ரெண்டு வருசமாத்தான்," என்றார். "அதுக்கு முன்னாடி என் பிள்ளைக்குக் கையப் பிடிச்சுச் சட்ட போட்டுவிடக்கூட மனசு கூசும். நீ வெளிய சொல்லி, ஜனங்களும் நம்பிட்டாங்கன்னு வெச்சுக்கோ. நாளைக்கே மேல இருந்து கேப்பாங்க, நிசக் கட்டு எங்கன்னு. கேட்டா நான் செய்வேன். மாட்டேன்னு சொல்லுததுக்கு எனக்குத் தைரியம் கிடையாது. உன்ட்ட மறைக்க என்ன இருக்கு?"

இப்படி ஒளிக்காமல் பேசுகிற ஆளிடம் சண்டை போடவும் முடியாது.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அவள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தாள். ஒரு பக்கம் பேச்சிமுத்துவின் ஒரு கை. மறுபக்கம் இனி பிடிபடப்போகிற அத்தனை பேரின் கைகள். இப்படி நிறுத்துப் பார்த்தால் விடை எளிதுதான். பேச்சிமுத்து ஊரை மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனால் வியாழக்கிழமை ஒரு மாவுக்கட்டு வரைய வேண்டிவந்தது. வரைந்துகொண்டிருக்கும்போதே, போன படத்துக்கு வந்த பின்னூட்டங்களைப் பார்த்தாள். "ஒரு கை போதாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். "காலையும் சேத்துப் போடுங்க" என்று இன்னொருவர். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் கைதட்டும் படம் போட்டிருந்தார். கை உடைவதை அவள் நிறுத்தியிருந்தாள். உடைய வேண்டும் என்ற ஆசைக்கு வாரம் இரண்டு தடவை அவளே தீனியும் போட்டுவந்திருக்கிறாள். சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாவின் மகன்கள் இரண்டு பேரும் அவள் பதிவைப் பார்த்து வளர்ந்த பையன்கள். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

பாதியில் நின்ற அந்தக் கட்டை அழித்தாள். அந்த ஆளின் படம் கட்டு இல்லாமலேயே போனது. இருநூற்றுப் பதின்மூன்று என்ற எண் அன்று வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் யூனிஃபார்மோடு அலுவலகத் தரையில், கைதிகள் உட்காரும் தோரணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். செல்லைச் சுவரில் சாய்த்து வைத்துத் தன்னையே படம் எடுத்தாள். வலது கையில் மாவுக்கட்டு வரைந்தாள். இத்தனை நாள் வரைந்ததிலேயே அதுதான் அருமையாக வந்தது; விரல் நுனியில் லேசாக வீக்கம்கூட வைத்தாள். கீழே எழுதினாள்: "பொதுமக்களை ஏமாற்றும் படங்களைத் தயாரித்த தலைமைக் காவலர் செண்பகவல்லி கைது. தப்பியோட முயன்றபோது வழுக்கி விழுந்ததில் வலது கையில் எலும்பு முறிவு."

நகல் ஊர் படித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் நம்புவார்கள் என்றது. சொந்த ஆளையே விட்டுவைக்காத போலீஸ் என்று நம்பிக்கை எண் எண்பத்துநாலுக்கு ஏறும் என்றும் சொல்லி, பச்சை விளக்குக் காட்டியது. அவள் பதிவைப் போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து வேலுச்சாமி அண்ணாச்சியின் பரோட்டாக் கடைக்குப் போனாள்.

ஐந்து மணிக்கு அந்தக் கடையில் உட்கார இடம் கிடைக்காது. முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் செல்லில் அவள் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து அவள் சொன்னபடி கல்லுக்குப் பக்கத்தில் கட்டுப் போட்ட கையோடு நின்றான். சங்கிலி அம்மாவின் மகன்களும் வாசலில் பைக்கில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களையும் அவள்தான் போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள்.

அவள் உள்ளே நுழைந்ததும் தலைகள் திரும்பின. முன் மேஜையில் இருந்தவர் செல்லை அவள் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது நீங்கதான?"

"நான்தான்."

"கை முறிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கு?"

அவள் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, வலது கையை அவர் முன்னால் நீட்டினாள். "பிடிச்சுப் பாருங்க, அண்ணாச்சி."

அவர் தயங்கித் தயங்கி மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்தினார். முழங்கையை மடக்கிப் பார்த்தார். இன்னும் நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள். அவள் மாவு மூட்டை ஒன்றை அந்தக் கையாலேயே தூக்கி மேஜையில் வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் செல்லைப் பார்ப்பதும் அவள் கையைப் பார்ப்பதுமாக நாலு தடவை தலையை ஆட்டிவிட்டார்.

"இந்தப் படம் அரை மணி நேரத்துக்கு முன்னாடி நான் வரைஞ்சது," என்றாள். "எல்லாரும் நம்புனீங்க. இதுக்கு முன்னாடி இருநூத்திப் பன்னிரண்டு வரைஞ்சேன். அதையும் நம்புனீங்க. கடைசியா வரைஞ்சது இந்த ஆளுக்கு. இவரு களவாங்கல. இவரு கைய யாரும் உடைக்கல. இவரு பயந்துபோயி என் பொய்க்குத் தோதா தானே கட்டிக்கிட்டாரு."

பேச்சிமுத்து வீட்டிலேயே பிளேடால் கட்டை நீளவாக்கில் கீறிவைத்திருந்தான். இடது கையால் பிய்த்து இழுத்ததும் அது இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது. கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. வாசலில் நின்ற மகன்களில் மூத்தவன் உள்ளே வந்து அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தரையில் கிடந்த கட்டைப் பார்த்தான்.

"சாப்பிட்டுப் போ," என்றான் பேச்சிமுத்து.

முதல் பரோட்டா வீசும்போது மாவு ஓரத்தில் கிழிந்துவிட்டது. பத்து நாளாக வேலை செய்யாத கை. இரண்டாவது வட்டமாக விரிந்து காற்றில் எழும்பிக் கல்லில் விழுந்தது. வேலுச்சாமி அண்ணாச்சி கல்லாவிலிருந்தே, "மாஸ்டர், நாலாம் நம்பர் மேஜைக்கு ரெண்டு" என்று குரல் கொடுத்தார். செண்பகவல்லிக்கு நெஞ்சு நிறைந்து போனது. இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத அந்தப் பழைய பெருமை வேறு, இது வேறு. நாற்பது பேர் பார்க்கத் தலைநிமிர்ந்து நின்று அனுபவிக்கிற பெருமை இது.

அந்த நாற்பது பேர் எடுத்த வீடியோக்களை முதலில் யாரும் நம்பவில்லை. அதுவும் வரைந்ததுதான் என்றார்கள். பிறகுதான் மற்ற வீடுகள் வாயைத் திறந்தன. "எங்க அண்ணனச் செயில்ல பாத்தப்ப ரெண்டு கையும் நல்லாத்தான் இருந்துது, சொன்னா யாரு நம்புனா" என்று ஒரு தங்கை எழுதினாள். "என் மகனுக்கும் அப்படித்தான்" என்று ஒரு தாய். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் இத்தனை நாள் தனித்தனியாக வைத்திருந்த உண்மையை எல்லாரும் ஒரே வாரத்தில் பேசினார்கள். அப்படி ஒன்றை நகல் ஊர் எதிர்பார்த்திருக்கவில்லை.

செண்பகவல்லியைச் சமூக ஊடகப் பிரிவிலிருந்து தூக்கி, மார்க்கெட் முக்கில் போக்குவரத்துப் பணிக்குப் போட்டார்கள். துறை விசாரணை தனியாக நடந்தது. வெயிலில் நிற்பதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. ஞானதுரை அலுவலக வாசலில் சொன்னதுதான் அவளை அரித்தது. ஒவ்வொரு நாள் காலையும் பயந்து பயந்து காவல்துறையின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நிஜக் கட்டு ஒன்று வந்தால் அது அவள் கணக்கில்தான் சேரும்.

ஒன்பதாம் நாள் ஞானதுரையே போன் பண்ணினார்.

"போட்டோ அனுப்பியிருக்கேன், பாத்தியா?"

பார்த்தாள். வழிப்பறி வழக்கில் இரண்டு பேர். தரையில் உட்கார வைக்காமல் நிற்க வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார், பந்தயத்துல ஜெயிச்ச மாதிரி நிக்காங்க?"

"வேற என்ன செய்யச் சொல்லுத? கட்டோட போட்டா பொய்யின்னு சொல்லுதாங்க, டாக்டரக் கூட்டிட்டு வந்து அவுத்துக் காட்டுன்னு ஸ்டேஷன் வாசல்ல வந்து நிக்காங்க. கட்டு இல்லாமப் போட்டா, கைய ஒளிச்சிருக்கேங்காங்க. அதான் தூக்கிக் காட்டச் சொல்லிட்டேன். அதுக்கும் விடல. இடது பக்கம் நிக்கவனுக்குச் சுண்டுவிரல் வளையலயாம். நாலாயிரம் பேரு கேள்வி கேட்டிருக்கான். அது சின்ன வயசுல கதவுல நசுங்கினதும்மா, அவன் ஆத்தாவப் பேச வெச்சு வீடியோ போட்டிருக்கேன்."

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மேல இருந்து கேட்டாங்களா சார், நிசக் கட்டுக்கு?"

"கேட்டாங்க. நீங்களே வந்து போட்டோவுல நில்லுங்க சார்னேன். அதுக்கப்புறம் பேச்சே இல்ல." அவர் குரலில் அவருக்கே நம்ப முடியாத ஒரு தெம்பு இருந்தது. "ஒரு பய நம்மள நம்ப மாட்டேங்குதான்மா."

"நம்பிக்கை எண்ணு இப்ப என்ன சார்?"

"அத ஏன் கேக்குத. பத்தொன்பது."

"எண்பத்தொண்ணா இருந்துச்சு," என்றாள்.

"ஆமா."

"இது நல்லாருக்கு சார்," என்றாள் செண்பகவல்லி.